இங்கிலீஷ் தெரியாத மாமாவோடு திருவனந்தபுரம் திரைப்பட விழா

முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், யாரிடம் பேச்செடுத்தாலும் முதல் கேள்வி அதுதான். கேரள சர்வதேசத் திரைப்பட விழா, ஐஎஃப்எஃப்கே என்று சுருக்கமாகச் சொல்வார்கள், அதன் டெலிகேட் பாஸ், அதாவது எல்லாப் படத்துக்குமான ஒரே அனுமதிச் சீட்டு, 2024 டிசம்பரில் ஜிஎஸ்டியோடு 1,180 ரூபாய். மாணவர்களுக்கு அதில் பாதி. டிசம்பர் 13 முதல் 20 வரை எட்டு நாள், 15 திரைகள், காலை ஒன்பது மணி வாக்கில் ஆரம்பித்தால் ராத்திரி வரை ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு நாலு படம் உட்கார்ந்து பார்க்கிற தெம்பு இருந்தால் ஒரு படத்துக்கு நாற்பது ரூபாய்கூட ஆகாது. நாகர்கோவிலில் ஒரு புதுப்படத்துக்குக் குடும்பத்தோடு போய், இடைவேளையில் பாப்கார்னுக்கு அழுதுவிட்டு வருகிற செலவை நினைத்துக்கொண்டால் இதைச் செலவுக் கணக்கிலேயே எழுத வேண்டாம்.

நான் பல வருடமாகப் போகிறேன். அதனால் "நல்ல விழா, போங்கள்" என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். ஆனால் அந்த 2024 டிசம்பரில் என் தாய்மாமா கூட வந்தார், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

மாமாவுக்கு 71 வயது. திருவனந்தபுரம் சாலை பஜாரில் ஒரு பாத்திரக் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதியவர். தமிழ் வாசிப்பார், மலையாளம் தமிழைவிட வேகமாக வாசிப்பார், இங்கிலீஷில் பில் நம்பரும் கம்பெனிப் பெயரும் மட்டும் தெரியும். விழாப் படங்களுக்கோ அடியில் ஓடுவது பெரும்பாலும் இங்கிலீஷ் எழுத்துதான். "நானும் வாறேன் மக்கா, எனக்கு அங்கன எல்லா கொட்டகையும் தெரியும்லா" என்றார். கொட்டகை தெரியும் சரி, படம் புரிய வேண்டாமா என்று எனக்குள் ஒரு உறுத்தல். ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து அவரைக் குளிரில் தூங்கவைக்கப் போகிறோமோ என்றுதான் நினைத்தேன். இங்கிலீஷ் தெரியாத ஒருவருக்கு இந்த பாஸ் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்றதெல்லாம் போகிற போக்கில்.

நாகர்கோவிலிலிருந்து போவது சுலபம். வடசேரியில் பஸ் ஏறினால் களியக்காவிளை தாண்டி, ரோடு நிலவரத்தைப் பொறுத்து இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம். ரயில் என்றால் இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நின்று நின்று போனாலும் சீக்கிரம் சேர்ந்துவிடும். இரண்டும் தம்பானூரில் எதிரெதிரே கொண்டுவந்து விடும். கைரளி, ஸ்ரீ, நிளா என்று மூன்று திரை உள்ள அரசு வளாகம் அங்கிருந்து நடக்கிற தூரம். டாகூர் தியேட்டருக்கும் கலாபவனுக்கும் ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். எங்களைப் போல அன்றாடம் போய்வருகிற நாகர்கோவில்காரர்களைக் கழுத்தில் தொங்கும் பாஸை வைத்தே ரயிலில் அடையாளம் கண்டுகொள்ளலாம். திரும்பி வரும்போது ஒருவரும் பேசமாட்டோம், எல்லோரும் தூங்கி விழுந்துகொண்டிருப்போம்.

பதிவை ஆன்லைனில் செய்ய வேண்டும். அறிவிப்பு வந்ததும் செய்துவிடுங்கள், கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள். ஒவ்வொரு காட்சிக்கும் இருக்கைகளில் ஒரு பகுதி முன்பதிவுக்கு, மீதி வரிசையில் நிற்பவர்களுக்கு. கான், வெனிஸ் விழாக்களில் விருது வாங்கி வந்த படங்களுக்கு முன்பதிவு கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். நான் அலாரம் வைத்தும் அமர்த்திவிட்டுத் தூங்கிய ஆள், ஆகையால் பெரும்பாலும் வரிசைதான். ஆனால் வரிசையில் மாமாவுக்கு ஒரு குறையும் இல்லை. அவர் மலையாளத்தில் ஆரம்பித்தால் முன்னால் நிற்பவர், பின்னால் நிற்பவர், தன்னார்வலராக நிற்கும் கல்லூரிப் பையன் எல்லோரும் பத்து நிமிடத்தில் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். "அச்சன் முன்னால போய்க்கோட்டே" என்று இரண்டு தடவை வரிசையின் தலைக்கே அனுப்பிவிட்டார்கள். நான் பின்னாலேயே நின்றேன்.

முதல் படம் சொதப்பல். கொரியப் படம், பெயர் வேண்டாம், படத்தின் மேல் தப்பில்லை. நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து குடிக்கிறார்கள், பேசுகிறார்கள், எழுந்து போகிறார்கள், வேறு மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பேச்சுத்தான் படம். மாமா பத்து நிமிடம் பொறுத்தார். "என்னத்த சொல்லுகான்?" என்றார். நான் காதில் சொல்ல ஆரம்பித்தேன். நான் ஒரு வரியைச் சொல்லி முடிப்பதற்குள் திரையில் மூன்று வரி ஓடிவிட்டது. முன்வரிசைப் பெண் திரும்பி, கோபமில்லாமல்தான், "சேட்டா, ப்ளீஸ்" என்றார். அப்புறம் மாமா கேட்கவில்லை. அரைமணி நேரத்தில் தூங்கிவிட்டார். குறட்டை வராமல் பார்த்துக்கொள்வதே எனக்கு வேலையாகிவிட்டது.

வெளியே வந்து சாயா குடிக்கும்போது ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். படத்துக்குள் நான் வாயைத் திறக்கமாட்டேன். அதற்குப் பதில், பாஸோடு தருகிற விழாக் கையேட்டில் இருக்கும் கதைச் சுருக்கத்தைப் படித்து, எந்த ஊர், எந்த வருடம், யார் யாருக்கு என்ன உறவு, இந்த மூன்றை மட்டும் சாயாக் கடையிலேயே சொல்லிவிடுவேன். முடிவைச் சொல்லக் கூடாது. இது நன்றாக வேலை செய்தது. உங்கள் வீட்டில் இதே மாதிரி ஒருவர் இருந்தால் இதையே செய்யுங்கள், காதில் கிசுகிசுக்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள்.

அன்று மாலை நிஷாகந்தி அரங்கில் தொடக்கப் படம். வால்ட்டர் சாலெஸ் இயக்கிய பிரேசில் படம், 'ஐ ஆம் ஸ்டில் ஹியர்'. (அடுத்த மார்ச்சில் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது இதுதான், பிரேசிலுக்கு அந்தப் பிரிவில் முதல் விருது.) நான் சாயாக் கடையில் சொன்னது இவ்வளவுதான்: "1971, பிரேசில், ராணுவ ஆட்சி. முன்னாள் எம்பி ஒருத்தர், மனைவி, அஞ்சு பிள்ளைகள். அவரை விசாரணைக்குன்னு வீட்டிலிருந்து கூட்டிட்டுப் போறாங்க." மாமா கேட்டார், "ராஜன் மாதிரியா?"

எனக்கு உடனே பிடிபடவில்லை, அவரே சொன்னார். 1976 மார்ச், நெருக்கடி நிலைக் காலம், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவன் ராஜனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது, கக்கயம் முகாம், அப்பா ஈச்சர வாரியர் கதவு கதவாகத் தட்டியது, 1977இல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதனால் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகியது. பையன் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. மாமா அப்போதுதான் சாலை பஜாரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கடையில் பேப்பரை ஒருவர் உரக்க வாசிக்க எல்லோரும் சுற்றி நின்று கேட்பார்களாம்.

அப்புறம் இரண்டேகால் மணி நேரம் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அரங்கில் காற்று வேறு, துவர்த்துத் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார். அந்தப் படத்தில் ஒரு இடம் உண்டு. பத்திரிகைக்காரர்கள் குடும்பத்தைப் படம் எடுக்க வருகிறார்கள், கொஞ்சம் சோகமாக இருங்கள் என்கிறார்கள். அந்த அம்மா பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்த இடத்தில் மாமா "ஆங்" என்று ஒரு சத்தம் போட்டார், அவ்வளவுதான். அங்கே எழுத்து எதற்கு? நான் பாதிப் படத்தை அடியில் ஓடும் எழுத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன், அவர் முழுப் படத்தையும் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கடைசியில் அந்த அம்மா யூனிஸ் வயதானவளாக வரும்போது நடித்திருப்பது, நாயகியாக நடித்தவரின் சொந்த அம்மா ஃபெர்னாண்டா மோண்டெனெக்ரோ. அதைச் சொன்னதும், "அதாக்கும் சாயல் அப்பிடியே இருந்துது" என்றார்.

ராஜன் கதையைச் சொல்லிவிட்டு 'பிறவி' என்ற மலையாளப் படத்தைச் சொல்லாமல் விட முடியாது. பிடித்துக்கொண்டு போகப்பட்ட மகனுக்காகத் தினமும் பஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கிற அப்பாவின் கதை. ஷாஜி என். கருண் எடுத்தது, 1989இல் கானில் முதல் படங்களுக்கான கேமரா டோர் பிரிவில் சிறப்புக் குறிப்பு பெற்றது. இந்த விழாவை நடத்தும் கேரள மாநிலச் சலச்சித்ர அகாதமிக்கு முதல் தலைவராக இருந்தவரும் அவர்தான். மாமா 'பிறவி'யை வந்த காலத்திலேயே திருவனந்தபுரத்தில் பார்த்திருக்கிறார். பாதியில் எழுந்து போனவர்கள் நிறைய என்றார். அவரும் எழுந்து போனாரா என்று நான் கேட்கவில்லை.

ராத்திரி ஊருக்குத் திரும்ப முடியாமல் ஒரு லாட்ஜில் தங்கினோம். தலையணை உறையைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு வேறு பதிவாகிவிடும். விழா நாட்களில் தம்பானூர் பக்கம் அறை கிடைப்பதே பெரிய விஷயம், முன்கூட்டியே போட்டுவைத்துக்கொள்ளுங்கள் என்பதோடு விடுகிறேன்.

அந்த வருடம் வாழ்நாள் சாதனையாளர் விருது ஹாங்காங் இயக்குநர் ஆன் ஹுய்க்கு. அவருடைய 'எ சிம்பிள் லைஃப்' பார்த்தோம். ஒரே குடும்பத்தில் அறுபது வருடம் வீட்டு வேலை செய்த பெண்ணுக்குப் பக்கவாதம் வருகிறது, தானே முதியோர் இல்லத்துக்குப் போகிறேன் என்கிறாள், அவள் வளர்த்த பையன், இப்போது நடுவயதுக்காரன், வந்து வந்து பார்த்துக்கொள்கிறான். பெரிய சம்பவம் என்று ஒன்றுமே கிடையாது. அந்த அம்மாவாக நடித்த டீனி யிப்புக்கு 2011இல் வெனிஸில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அது எனக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியாது. அவர் கவனித்தது வேறு. மார்க்கெட்டில் அவள் காய்கறி பொறுக்குகிற விதம், சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு எங்கே போய் நிற்கிறாள், இல்லத்தில் இன்னொருவர் காசு கேட்கும்போது அவள் பர்ஸைத் திறக்கிற விதம். "அவ கணக்கு வச்சிருக்கா மக்கா, ஆனா கேக்கமாட்டா" என்றார். முப்பது வருடம் இன்னொருவர் கடைக் கணக்கை எழுதியவர் சொல்லும்போது அந்த வாக்கியத்துக்கு வேறு கனம்.

ஆக, என் அனுபவத்தில் விழாப் படங்களில் பாதிக்கு மேல் மாமாவுக்குச் சரியாகவே வந்தது. மெதுவான படம், பேச்சு குறைந்த படம், "கலைப் படம் போரடிக்கும்" என்று நம் ஆட்கள் ஓடுகிற அதே படங்கள்தான் இங்கிலீஷ் தெரியாதவருக்கு வசதி. வேகமாகப் பேசிச் சிரிக்கவைக்கிற படங்கள்தான் அவரை வெளியே நிறுத்துகின்றன. ஒரு பிரெஞ்சு நகைச்சுவைப் படத்தில் அரங்கமே சிரித்தது, மாமா சிரிக்கிறவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அது பார்க்கவே சங்கடமாக இருந்தது, பாதியில் எழுந்து வந்துவிட்டோம். பாஸின் பெரிய லாபமே அதுதான், எழுந்து வருவதற்கு யோசிக்க வேண்டாம்.

இன்னொன்று. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் விழாவின் அடையாளப் படம் ஒரு நிமிடம் போல ஓடும். அந்த வருடத்துக்கானது பி.கே. ரோஸிக்கு அஞ்சலி. நாகர்கோவில்காரர்களுக்கு இது நம் வீட்டுக் கதை. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே.சி. டேனியல் கன்னியாகுமரிப் பக்கம் அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்து 1975இல் அங்கேயே இறந்தவர். அதன் நாயகி ரோஸி, தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் நாயர் வேடத்தில் நடித்தாள் என்று விரட்டப்பட்டு, லாரி ஏறித் தப்பி இந்தப் பக்கம் வந்து, ராஜம்மாள் என்ற பெயரில் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து முடித்ததாகச் சொல்வார்கள். மூன்றாம் நாளிலிருந்து மாமா அந்த ஒரு நிமிடம் ஓடும்போதெல்லாம் பக்கத்து இருக்கைக்காரரிடம், "இவரு நம்ம ஊராக்கும், அகஸ்தீஸ்வரம்" என்று டேனியலைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். விழாச் சின்னத்திலும் நமக்குப் பங்கு உண்டு. தோல்பாவைக்கூத்தில் வரும் இலங்காலட்சுமி பாவையின் உருவம் அது. பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் அந்தக் கூத்துக்குப் பாடுவது கம்பராமாயணம். இதை நான் வரிசையில் நின்ற ஒரு பையனிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை, உடனே போனை எடுத்துத் தேடினான்.

குறை இல்லையா? உண்டு. நல்ல படங்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு அரங்கில் மோதும், ஒன்றுக்கு நின்றால் இன்னொன்று போச்சு. அரங்குகளுக்கு இடையே ஓடுவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது, ஆகவே நாங்கள் தம்பானூர் சுற்றுவட்டத்துப் படங்களாகவே பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். ஒரு தியேட்டரில் ஏசியை உறைபனி அளவுக்கு வைத்திருந்தார்கள், சால்வை கட்டாயம். விருதுப் படங்களுக்கு வரும் கூட்டம் எனக்கு இப்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறது. ஆறு மாதத்தில் எப்படியும் வீட்டுத் திரைக்கு வந்துவிடும் படத்துக்கு இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பதைவிட, பேர் தெரியாத அர்மீனியப் படத்துக்குள் நுழைவது மேல். அந்த வருடம் அர்மீனியாவுக்குத் தனிப் பிரிவே இருந்தது, உள்ளே போனால் நடுவரிசையில் இடம் கிடைக்கும். சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், பழம்பொரியும் கட்டன்சாயாவும் எங்கேயும் உண்டு.

ஆவணப்படம் பார்க்கத்தான் ஆசை என்றால் டிசம்பர் விழாவை நம்பாதீர்கள், கதைப் படங்களுக்குத்தான் அங்கே முதலிடம். அதே அகாதமி 2008 முதல் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் தனியாக ஒரு சர்வதேச விழா நடத்துகிறது. மழைக்காலத்தில் வரும், பெரும்பாலும் அந்தக் கைரளி வளாகத்துக்குள்ளேயே முடிந்துவிடும், கூட்டமும் மூச்சு விடுகிற அளவுதான். என்னைக் கேட்டால் இரண்டில் அதுதான் தைரியமான விழா. விழாக்களில் தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் படம் போடலாம், ஆனால் அதற்கு மத்திய அரசின் விலக்கு வேண்டும். 2017இல் ஹைதராபாத் மாணவர் ரோஹித் வேமுலா, டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழகம், காஷ்மீர் பற்றிய மூன்று படங்களுக்கு அது கிடைக்கவில்லை. 2019இல் ஆனந்த் பட்வர்தனின் 'விவேக்' உயர் நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி வாங்கிய பிறகுதான் திரைக்கு வந்தது. ஒரு ஆவணப்படத்துக்காக வழக்குப் போடுகிற விழாவுக்குக் காசு கொடுக்க எனக்குத் தயக்கமே கிடையாது.

ஆனால் மாமாவுக்கு? ஆவணப்படம் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறவர்கள்தானே அதிகம், கொரியப் படம் மாதிரி ஆகிவிடுமோ என்று யோசித்தேன். சோதித்துப் பார்க்கலாம் என்று பொங்கல் சமயத்தில் வீட்டு டிவியில் 'ஹனிலேண்ட்' போட்டேன். வட மாசிடோனியாவின் மலைக் கிராமத்தில் தேன் எடுத்து வாழும் ஹதீஜே என்ற பெண்ணைப் பற்றி மூன்று வருடம் கூடவே இருந்து எடுத்த படம். ஆஸ்காரில் ஆவணப்படம், சர்வதேசப் படம் என்று இரண்டு பிரிவிலும் ஒரே வருடத்தில் இடம்பிடித்த முதல் படம். அவள் கூட்டிலிருந்து பாதித் தேனை எடுத்துக்கொண்டு பாதியைத் தேனீக்களுக்கு விட்டுவிடுவாள். பக்கத்தில் குடிவருகிறவனுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள், அவனும் தேனீ வளர்க்க ஆரம்பிக்கிறான், தேன் வாங்குகிற வியாபாரி நெருக்குகிறான்.

மாமா பிறந்த வீடு மார்த்தாண்டத்துக்குப் பக்கம். அங்கே தேன்பெட்டி இல்லாத ரப்பர் தோட்டம் கிடையாது, சின்ன வயதில் அவரும் அடை பிழிந்தவர். அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் அடையை மொத்தமாக எடுத்து விற்கிற காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முழுசும் எடுத்துட்டான். இனி இவனுக்க ஈ அவளுக்க கூட்டுல போய் அடிக்கும்" என்றார். படத்தில் அது நடக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது. எனக்கே அது என்ன என்று புரிய அடியில் ஓடும் எழுத்து தேவைப்பட்டது. நடந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

இத்தனைக்கும் நடுவில் இரண்டு முறை போன் வந்தது, பால்காரர் வந்தார், அத்தை மிக்ஸியைப் போட்டாள். வீட்டில் பார்ப்பதற்கும் தியேட்டருக்கும் உள்ள வித்தியாசத்தை இதற்குமேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆவணப்பட விழாவுக்கு இரண்டு பாஸ் போடச் சொல்லிவிட்டார். அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, இந்த மனுஷனை நாலு நாள் எதற்குக் கூட்டிக்கொண்டு போனாய் என்று டிசம்பரில் என்னைத் திட்டியவள்தான், "அங்கன ஏசி உண்டா? தூங்கினா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவளா?" என்று கேட்டாள். உண்டு, சொல்லமாட்டார்கள் என்றேன். மூன்று பாஸ் போட வேண்டும்.